பத்தொன்பது வருட ஜோசப்

சிமியோன் தாபி என்னைப் பத்தொன்பது வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு தடவைகூட வலித்ததில்லை. அவன் கை என் கன்னத்துக்கு நான்கு விரல் தள்ளி நின்றுவிடும். அதே நொடியில் நான் இடுப்புப் பக்கம் என் இரண்டு கைகளையும் தட்டுவேன். பார்ப்பவர்களுக்குப் பளார் என்று அறை விழுந்த மாதிரி கேட்கும். சத்தம் என்னுடையது, கெட்ட பெயர் அவனுக்கு.

நாங்கள் எங்கள் நாட்டின் தலைநகரான போர்ட் விலாவிலிருந்து தீவு தீவாகப் போய் நாடகம் போடுகிறவர்கள். மொத்தம் ஆறு பேர். கொசுவலை, கழிப்பறை, கண்டபடி குப்பை கொட்டுவது என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு நாடகம் உண்டு. அதில் நின்று நிலைத்தது ஜோசப் கதைதான். ஜோசப் என்பவன் தன் மனைவி மார்த்தாவை, அதாவது என்னை, அடிக்கிறான், வெளியே யாரிடமும் சொல்லாதே என்கிறான், அவளும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த நாடகம். அவர்கள் வீட்டிலேயே இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும், ஆசிரியர்களுக்கும் தெரியும்.

சிமியோனின் ஊர் அம்பே தீவில் நவோலா. இருபது வயதில் விலாவுக்கு வந்து துறைமுகத்தில் கொப்பரை மூட்டை சுமந்தான். எங்கள் குழுவுக்கு அவன் வந்தது கலை ஆர்வத்தால் அல்ல. ஒத்திகை நாட்களில் மத்தியானம் சோறும் டின் மீனும் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதை அவனே என்னிடம் சொல்லிச் சிரித்தான். ஆள் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், குரல் அதைவிடப் பெரிது. அப்போதிருந்த இயக்குநர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஜோசப் வந்துட்டான்" என்றார். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. அந்த இயக்குநர் போனார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார். ஜோசப் போகவில்லை.

அதன்பிறகு அவனைச் சிமியோன் என்று கூப்பிட்டவர்கள் குறைவு. சந்தையில் கீரை விற்கும் ஒரு பெண்மணி அவனைக் கண்டாலே கையை ஆட்டி விரட்டுவாள்.

"போ, போ! உனக்கு விக்க மாட்டேன். உன் பொண்டாட்டிய வரச் சொல்லு, அவளுக்குச் சும்மாவே தர்றேன்."

"பாத்தியா லெய்சாவு" என்பான் என்னிடம். "நீ போய் வாங்கிட்டு வா. எனக்கும் ரெண்டு கட்டு சேத்து வாங்கு."

வீட்டில் அவன் பூனை. மனைவி மேரே ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கப் போகிறாள். வீட்டுத் துணியை இவன் துவைக்கிறான். கிழங்கு துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் பொதிந்து லாப்லாப் சமைப்பதும் இவன்தான். மேரே என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள், "உன் புருஷன் என் வீட்ல பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கான், எப்ப வந்து கூட்டிட்டுப் போகப்போற?"

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஆனால் கடைசி ஆறேழு வருடங்களாக எங்கள் இருவருக்கும் சலித்துப்போய்விட்டது. ஜோசப் குடித்துவிட்டுக் கதவைத் தேடும் இடத்தில் எல்லாப் பள்ளிகளிலும் பையன்கள் சிரிப்பார்கள். நான் கீழே விழும்போதும் சிரிப்பார்கள். பிறகு யாரோ ஒன்றிரண்டு பேர் சிரிப்பை நிறுத்துவார்கள். முன்பெல்லாம் விழுந்து கிடந்தபடியே ஓரக்கண்ணால் அந்த ஒன்றிரண்டு பேரைத் தேடுவேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு இடுப்பு வலிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கிறேன். நாடகம் முடிந்ததும் ஒரு தாளை நிரப்ப வேண்டும்: பார்த்த பையன்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, மாற்றம் தெரிந்ததா? தெரிந்தது என்று எழுதுவேன். யார் கண்டது?

சிமியோனுக்கு இதைவிட மோசம். நாளெல்லாம் கத்திவிட்டு, இரவு தங்கும் வகுப்பறையில் முழங்காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருப்பான். ஒரு தடவை சொன்னான், "லெய்சாவு, இந்த ஆளு என் உடம்புல இருந்து இறங்க மாட்டேங்கறான்." நான் சரியாகக் காது கொடுக்கவில்லை. தூக்கம் வந்துகொண்டிருந்தது.

எங்கள் நாடகத்தில் அடிதடியைவிட முக்கியமானது கடைசியில் வரும் நாற்காலி. கதை முடிந்ததும் சிமியோன் ஜோசப்பாகவே ஒரு நாற்காலியில் உட்காருவான். பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். குழுவின் விதி ஒன்றுதான்: கதைக்குள் ஜோசப் ஊரிடம் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லட்டும், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பொய் சொல்லக்கூடாது. அவன் எழுந்துவிட்டால் ஜோசப்பின் கதை முடிந்தது. கேள்விகளும் பதில்களும் எங்களுக்கு மனப்பாடம். குடியை விட்டால் அடிப்பதை விடுவாயா என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். "குடி ஒரு சாக்கு. குடிக்காதப்பவும் அடிச்சிருக்கேன்" என்று அவன் சொல்வான். 

பத்தொன்பது வருடத்தில் நாங்கள் போகாத தீவு கொஞ்சம்தான். ஆனால் நவோலாவுக்குப் போனதில்லை. ஒவ்வொரு வருடமும் ஊர்ப்பட்டியல் எழுதும்போது சிமியோன் அதை அடித்துவிடுவான். "அங்க தங்கச்சி இருக்கா" என்பான். யாரும் மறுபேச்சு பேசமாட்டோம்.

அம்பேக்காரர்களுக்கு அண்ணன் தங்கை உறவில் கெடுபிடி அதிகம். விலா இருக்கிற எஃபாத்தே தீவில் பிறந்த எனக்கு அது பழக ரொம்ப நாளானது. வளர்ந்த பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் உட்காருவதில்லை. பாதையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொள்வார். படுக்கைப் பேச்சோ கெட்ட வார்த்தையோ ஒருவர் இருக்கும்போது மற்றவர் காதில் விழவே கூடாது. ஜோசப்பின் வாயிலிருந்து வருவதெல்லாம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. தங்கை புருஷனிடம் அடி வாங்குகிறாள் என்று நாலு பேர் முன்னிலையில் அண்ணனிடம் சொல்லிவிட்டால், அவன் சும்மா இருக்க முடியாது. அன்றைக்கே போய் அவளைத் தன் அப்பா வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். புருஷன் வீட்டார் அபராதமாகப் பன்றியோடு வந்து, ஊர் முன்னால் பேசி முடிக்கும்வரை திருப்பி அனுப்பக் கூடாது. அப்படிச் செய்யாதவனை யாரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள். ஆகவே ஊருக்கெல்லாம் தெரிந்தாலும் அண்ணனிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. அண்ணனும் கேட்பதில்லை.

சிமியோனின் தங்கை எஸ்லின். கூடப்பிறந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எஸ்லினுக்கு நவோலா பள்ளியில் படிக்கிற ஒரு மகள் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் எஸ்லின் கை உடைந்து விலா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மேரே உள்ளே போய்ச் சாப்பாடு கொடுத்தாள். சிமியோன் வெளி கேட்டிலேயே நின்றான். நானும் கூட நின்றேன்.

"பலாக்கா பறிக்க ஏறி விழுந்துட்டாளாம்" என்றான்.

"முப்பத்தஞ்சு வயசுல உன் தங்கச்சி மரம் ஏறுவாளா?"

அவன் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊர் ஊராக மார்த்தாவாக விழுந்து எழுந்தவள் நான். எஸ்லினுக்காக வாயைத் திறக்கவில்லை. அது அவர்கள் வழக்கம், நான் யார் நடுவில் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் நவோலா பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியை வந்தார். ஜோசப் நாடகம் வேண்டும் என்று நேராக விலாவில் எங்கள் அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். பட்டியலில் ஏறியும் விட்டது. சிமியோன் முழங்கால் வலி என்றான், காய்ச்சல் என்றான். வேறு ஜோசப் எங்களிடம் கிடையாது. கடைசியில் ஊர்த் தலைவர் கராய்க்குச் சொல்லி அனுப்பினான்: நாடகம் நடக்கும் அன்று எஸ்லின் அந்தப் பக்கம் வரக்கூடாது. அது நடக்கிற காரியம்தான், வழக்கத்துக்கும் பொருத்தம். அவள் காலையிலேயே மலைமேல் கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விடுவாள் என்று பதில் வந்தது. சிமியோன் பெருமூச்சு விட்டான். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

படகுத்துறையில் எங்களை ஏற்றிப்போக லாரியோடு வந்தது யார் தெரியுமா? எஸ்லினின் புருஷன் வில்சன்தான். ஊர்ச் சங்கத்தின் லாரியை அவன்தான் ஓட்டுகிறான். சிரித்த முகம். ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தான்.

"வா மச்சான்! ஊரு ஊரா போறவன் நாடகத்தோட சொந்த ஊருக்கு வர பத்தொன்பது வருஷமா? ஜோசப்பப் பாக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா!"

சிமியோன் இளநீரைக் குடித்தான். "நல்லாருக்கியா?" என்று கேட்டான். "எனக்கென்ன கேடு" என்றான் வில்சன். வழி முழுக்க அவன்தான் பேசிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பள்ளி மைதானத்தில் மாமரத்தடியில் நாடகம். நீலச் சீருடையில் எண்பது பிள்ளைகள், பின்னால் ஊர்க்காரர்கள். முன்வரிசைப் பலகையில் தலைவர் கராய், அவருக்குப் பக்கத்தில் வில்சன். சிமியோன் கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தான். எஸ்லின் இல்லை என்று உறுதியானதும்தான் வாயைத் திறந்தான். குடித்துவிட்டுக் கதவைத் தேடினான், பையன்கள் சிரித்தார்கள். நான் விழுந்தேன், சிரித்தார்கள். வில்சன் தொடையைத் தட்டிச் சிரித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு நாற்காலி வந்தது. முதல் கேள்வி குடியைப் பற்றி. இரண்டாவது, உன் அப்பா உன் அம்மாவை அடித்தாரா. அதற்கும் பதில் தயார். மூன்றாவதாக ஒரு பெண் எழுந்தாள். பதினைந்து வயதிருக்கும், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை. எனக்கு யாரென்று தெரியவில்லை. சிமியோன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் புரிந்தது, எஸ்லினின் மகள் நெரிட்டா. அவனை மாமா என்று கூப்பிட வேண்டியவள், "ஜோசப்" என்று கூப்பிட்டாள்.

"ஜோசப், உங்க பொண்டாட்டி மார்த்தாவுக்கு அண்ணன் இருக்காரா?"

இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. கதையில் அண்ணனே கிடையாது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. சிமியோன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இருக்கான்" என்றான்.

"நீங்க அடிக்கிறது அவருக்குத் தெரியுமா?"

 

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வரல?"

"அவன்கிட்ட யாரும் சொல்லலையாம். அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியறான்."

"அப்ப நான் சொல்றேன்" என்றாள் நெரிட்டா. அவள் குரல் கடைசி வரிசைவரை கேட்டது. "எல்லார் முன்னாடியும் சொல்றேன். அடிக்கிறாங்க. போன வாரமும் அடிச்சாங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வில்சன்தான் முதலில் கைதட்டினான். "ஆகா, என்னமா நடிக்குது என் பொண்ணு! மச்சான், இவளையும் உங்க குழுவுல சேத்துக்க!" நாலைந்து பேர் சிரிக்கப் பார்த்தார்கள்.

தலைவர் கராய் கையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது.

"எனக்கு ஒண்ணு தெளிவாகணும்" என்றார். "என் முன்னாடி நாலு பேர் கேக்கப் பேசுன பேச்சுக்கு ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். பொண்ணு ஜோசப்கிட்ட சொல்லுச்சுன்னா, நாடகம் முடிஞ்சுது, எல்லாரும் சாப்பிடப் போவோம். சிமியோன்கிட்ட சொல்லுச்சுன்னா அது வேற சங்கதி. தெரியும்னு பதில் சொன்னது யாருப்பா?"

"நாடகம்தான தலைவரே!" என்றான் வில்சன். அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"உன்னைக் கேக்கல."

சிமியோன் உட்கார்ந்தே இருந்தான். நான் அவனிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன், என் கன்னத்தில் இன்னும் சிவப்புச் சாயம். அவன் என்னைப் பார்த்தான். பத்தொன்பது வருடத்தில் அவன் வசனம் மறந்து விழித்தபோதெல்லாம் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தவள் நான். இந்தத் தடவை என்னிடம் ஒன்றும் இல்லை. ஜோசப் என்று சொல்லிவிட்டால் நாளைக் கப்பலில் ஊர் திரும்பலாம், அடுத்த வாரம் வேறு தீவு. அந்தப் பெண் மாலையில் எந்த வீட்டுக்குப் போவாள் என்பதுதான் என் மனதில் ஓடியது.

அவன் முழங்காலில் கை ஊன்றி நாற்காலியை விட்டு எழுந்தான்.

"நான்தான். அந்தப் பொண்ணோட மாமன்" என்றான். ஜோசப்பின் பெரிய குரல் இல்லை, பாத்திரம் கழுவுகிறவனின் குரல். "என்கிட்டதான் சொன்னா. எனக்கு முன்னாடியே தெரியும்."

வில்சன் எழுந்தான். தலைவர் அவன் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். இரண்டு ஆண்கள் வந்து அவனுக்கு இரு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். "போய்க் கூட்டிட்டு வா" என்றார் தலைவர் சிமியோனிடம்.

நெரிட்டா முன்னால் ஓட, சிமியோனும் நானும் மலைப் பாதையில் ஏறினோம். அவன் நொண்டிக்கொண்டே வந்தான்.  தோட்டத்து வேலி தெரிந்ததும் நின்று, முதுகைத் திருப்பிக்கொண்டான். இருவரும் நேராகப் பேசக்கூடாது, அவன் சொல்வதை நெரிட்டாதான் கொண்டுபோக வேண்டும். பத்து அடி தூரம்தான், எஸ்லினுக்கு எல்லாம் கேட்கும். ஆனாலும் அப்படித்தான்.

"அம்மாகிட்ட சொல்லு. மாமா வந்திருக்கேன். தாத்தா வீட்டுக்குப் போலாம்னு கூப்பிடறேன்."

நெரிட்டா வேலியைத் தாண்டிப் போய்ச் சொன்னாள். எஸ்லின் குனிந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். கழுத்தோரம் பழுத்து மஞ்சளாகிப்போன காயம். அவள் நிமிரவே இல்லை.

"உன் மாமாகிட்ட கேளு" என்றாள். "எல்லாத் தீவுப் பொண்ணுங்களுக்கும் சொல்லி முடிச்சாச்சா? நான்தான் கடைசியா?"

நெரிட்டா இதைத் திரும்பி வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிமியோனின் தோள் குலுங்கியது. இத்தனை வருடம் கூடவே இருக்கிறேன், அவன் அழுது நான் பார்த்ததில்லை. மேடையில் அழுகிற வேலை எப்போதும் என்னுடையது.

"ஆமான்னு சொல்லு" என்றான்.

எஸ்லின் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதுவரை வெயிலில் நின்றோம். அரைமணி நேரம் இருக்கும். ஒவ்வொரு கிழங்காக மண்ணைத் தட்டிக் கூடையில் வைத்தாள், அவசரமே இல்லை. பிறகு கூடையைத் தூக்கி மகள் கையில் கொடுத்தாள்.

கீழே இறங்கத் தொடங்கினோம். அண்ணன் முன்னால் போக வேண்டும், தங்கை தள்ளி வரவேண்டும், அவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தேன். பாதை சறுக்கியது. ஓடையைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று வில்சன் வீட்டுக்கு, மற்றது கடற்கரையோரம் சிமியோனின் அப்பா கட்டிய வீட்டுக்கு.

"வர்றாளா?" என்றான்.

"வர்றா."

ஓடையில் இறங்கும்போது மறுபடியும் கேட்டான். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, கல் மாற்றிக் கல் வைத்து எஸ்லின் வந்துகொண்டிருந்தாள். வர்றா என்றேன். பாதை பிரியும் இடத்தில் அவன் கடற்கரைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டான். பின்னால் காலடி ஓய்ந்திருந்தது. எஸ்லின் தன் வீட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நெரிட்டா அவள் கையை விடவில்லை. சிமியோனின் பிடரி வியர்த்துக் கொட்டியது, ஆனால் தலையைத் திருப்பவில்லை.  பிறகு மறுபடி காலடி கேட்டது.

"லெய்சாவு, இந்தப் பக்கம்தான் வர்றாளா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன்மேலா என்மேலா, தெரியவில்லை.

"வர்றா. உன்னை நம்பி வரல, அந்தப் பொண்ணை நம்பி வர்றா. நட."

அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.